தை பிறந்து மாசி மகம் வரை: திருக்கழுக்குன்றம் ஏறுவோருக்கு

செங்கல்பட்டு வட்டாரத்தில் குன்றேறுவதற்கு ஆண்டில் ஆறேழு வாரம்தான் வாய்க்கும். பொங்கல் கழிந்த மறுநாள் தொடங்கி மாசி மகத்தோடு அது முடிந்துவிடும். மற்ற மாதங்களில் மலைக்கு ஆள் வராமல் இல்லை. பௌர்ணமிதோறும் கிரிவலம் நடக்கிறது, சித்திரைத் திருவிழாவில் ஊர் கொள்ளாத கூட்டம். வேண்டுதலுக்காக வருகிறவர்களுக்கு வெயிலும் மழையும் பொருட்டல்ல. இந்த அத்தியாயம் காலாற ஏறி, உச்சியில் நின்று நாலு திசையும் பார்த்து, முழங்கால் நோகாமல் இறங்கி வர நினைப்பவர்களுக்கு.

பலரும் மார்கழியில்தான் கிளம்புகிறார்கள். அதிகாலைக் குளிர், திருப்பாவை ஒலிபெருக்கி, கோலம், சென்னையிலிருந்து குறுகிய பயணம் என்று எல்லாம் கூடி வருவதால் மார்கழிக்குத்தான் நல்ல பெயர். மலைக்கு உகந்த மாதம் தைதான் என்பது என் கட்சி. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடு வரை இந்தக் கரையை விடுவதில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். மழை நின்ற பிறகும் கற்படியின் ஓரங்களில் பிடித்த பாசி காய இரண்டு மூன்று வாரம் ஆகும். வெறுங்காலோடு ஏறும் மலையில் ஈரப் பாசியைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

தையில் படி காய்ந்திருக்கும், ஏரிகள் மட்டும் வற்றியிருக்காது. ஏரி மாவட்டம் என்று செங்கல்பட்டுக்குப் பழைய பெயர் உண்டு. அந்தப் பெயரின் பொருத்தத்தை உச்சியிலிருந்து பார்க்க இதுவே காலம். சம்பா அறுவடை நடக்கும் நேரமும் இதுதான் என்பதால் ஒரு வயல் பொன்னாகவும் அடுத்த வயல் வெறும் தாளாகவும் தெரியும். போகி அன்றும் மறுநாளும் போகாதீர்கள். பழம்பாய் எரித்த புகையும் காலைப் பனிமூட்டமும் சேர்ந்தால் எதிரே இருக்கும் கோபுரம்கூடத் தெரியாது. பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே கல் சுடத் தொடங்கும்.

செருப்பைக் கழற்றுவது முதல் வேலை

பனி கொட்டும் நாடுகளில் குளிர்கால மலையேற்றம் என்றால் காலணிக்கு அடியில் அகலமான சட்டம் ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். எடை பரவுவதால் கால் பனிக்குள் புதையாது. அங்கே பாதத்துக்கு இன்னும் ஒன்றைக் கூட்டுகிறார்கள். இங்கே இருப்பதையும் கழற்ற வேண்டும். வேதகிரி என்னும் இந்தக் குன்று கோயில் மலை, அடிவாரத்திலேயே காலணியை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆகவே இந்த மலைக்கான ஆயத்தம் முழுக்க உங்கள் உள்ளங்காலைப் பற்றியது.

நகரத்தில் வளர்ந்த பாதம் மென்மையானது. போவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே மொட்டைமாடியிலோ தெருவிலோ தினமும் கால் மணி நேரம் வெறுங்காலோடு நடந்து பழகுங்கள். பனிக்காலத்தில் குதிகால் வெடிப்பது இயல்பு. எண்ணெய் தடவுவதாக இருந்தால் அதை முந்தைய நாளோடு நிறுத்திவிடுங்கள், எண்ணெய்க் காலோடு கல்லில் ஏறக் கூடாது. கல் குத்தும் என்று சிலர் காலுறை போட்டுக்கொண்டு வருகிறார்கள். வழவழப்பான படியில் பருத்தித் துணி வழுக்கும். காலைப் பனியில் நனைந்துவிட்டால் இன்னும் மோசம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அந்தத் தரையில் நீங்கள் கால் வைக்கப்போவது ஏழு மணிக்கு. வெயில் ஏறினால் பனி ஈரம் உலர்ந்துவிடும். அதுவரை படியின் நடுப்பகுதியை விட்டு ஓரத்துக்குப் போகாதீர்கள். நூற்றாண்டுகளாகப் பலர் மிதித்து மழுங்கிய இடங்களை இன்னும் கவனமாக மிதியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம். கல் சுட்டாலும் முள் தைத்தாலும் தெரியாமல் போகும். அப்படிப்பட்டவர்கள் மலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, விடிந்ததும் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். அடிவாரம் வந்ததும் உள்ளங்காலைக் கழுவித் துடைத்து, கூட வந்தவரை விட்டு நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு இதைத் தள்ளிப்போட்டு, பிறகு மாதக் கணக்கில் புண்ணோடு அலைபவர்கள் இருக்கிறார்கள்.

போகும் வழி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் விடியும் முன்பே ஓடத் தொடங்குகிறது. செங்கல்பட்டு வரும்போது கொளவாய் ஏரிக்கரையை ஒட்டியே ரயில் போகும், விழித்திருந்தால் பாருங்கள். அங்கிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்துகள் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகின்றன. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஏறக்குறைய நடுவில், இரு பக்கமும் சுமார் 15 கி.மீ. தொலைவில் ஊர் இருக்கிறது.

சொந்த வண்டியில் வருபவர்கள் செங்கல்பட்டைத் தாண்டியதும் வல்லத்தில் அரை மணி நேரம் நிறுத்தலாம். சிறிய குன்று, அதில் பல்லவர் காலக் குடைவரைகள். மகேந்திரவர்மனுக்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனின் மகனான கந்தசேனன் இவற்றில் ஒன்றைச் செய்வித்தான் என்று தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மாமல்லபுரத்துக் கூட்டத்தில் கால் பங்குகூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

ஏற்றம்

குன்றின் உயரம் சுமார் 500 அடி, படிகள் 565. வீட்டு மாடிப்படிக் கணக்கில் முப்பது மாடி ஏறுவதாகும். நிதானமாக ஏறினால் அரை மணியிலிருந்து முக்கால் மணி. இருபது நிமிடத்தில் ஏறிவிட்டேன் என்று மார்தட்டுகிற இளைஞர்களை எல்லா மலையிலும் பார்க்கலாம். அவர்களைத் துரத்திப் போகாதீர்கள். உங்களுக்கான வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஏறுவது. ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் நில்லுங்கள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருப்பது கடினம், நின்றே மூச்சு வாங்குங்கள். நெஞ்சில் இறுக்கம், இடக்கையில் வலி, காரணமில்லாத வியர்வை இவற்றில் எது வந்தாலும் அத்தோடு ஏற்றத்தை நிறுத்தி, அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். உச்சி எங்கேயும் போய்விடாது.

மலைக்கோயில் நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், விசேட நாள் மாற்றம் எல்லாவற்றையும் ஊர் நடுவில் உள்ள தாழக்கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். உச்சியில் நின்று சூரியோதயம் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்து இருட்டில் ஏறாதீர்கள். தை நடுவில் சூரியன் உதிக்கவே 6.35 ஆகிறது, எட்டு மணி வரை வெயில் சாய்ந்தேதான் விழும். அந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான் ஏரிகளும் வரப்புகளும் எடுப்பாகத் தெரியும். படம் எடுப்பவர்களுக்கும் அதுவே நல்ல நேரம்.

இருட்டு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அறுவடைக் காலத்தில் வயலைச் சுற்றி எலியும் அதைத் தேடிக் கண்ணாடி விரியனும் நடமாடும். பாறை இடுக்குகள் சுருட்டை விரியனுக்கு உகந்த இடம். வெறுங்காலோடு இருப்பவர் விளக்கில்லாமல் படியை விட்டு விலகக் கூடாது. அப்படியும் கடிபட்டுவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கி, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்புக் கடிக்கு நாட்டில் தயாராகும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பெருமளவில் எடுத்துக் கொடுப்பவர்கள் இங்கிருந்து சற்றுத் தொலைவில், வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்தான். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் அவர்கள் நஞ்செடுப்பதைப் பார்க்கலாம்.

குரங்குகள் பாம்பைவிட அன்றாடத் தொல்லை. நெகிழிப் பை கையில் ஆடினால் அது உங்களுடையது அல்ல. தேங்காய் பழத் தட்டைத் துணிப்பைக்குள் வைத்து வாயைக் கட்டிவிடுங்கள், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு போட்டுக்கொள்ளுங்கள். பறித்துக்கொண்டு ஓடினால் போகட்டும் என்று விடுங்கள், திரும்பப் பிடுங்கப் போனால்தான் கடி விழும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

உச்சியில்

மேலே வேதகிரீசுவரர், சொக்கநாயகி. கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரர், திரிபுரசுந்தரி. தேவார மூவரும் பாடிய தலம். திருவாசகத்திலும் இந்தக் குன்றுக்குத் தனிப் பதிகம் உண்டு. நான்கு வேதங்களும் நான்கு பாறைகளாகி நிற்பதே மலை என்பது தலபுராணம். தரிசனம் முடிந்ததும் அவசரப்பட்டு இறங்காமல் பிராகாரத்தைச் சுற்றி வாருங்கள். நேர் கீழே தாழக்கோயிலின் நான்கு கோபுரங்களும் சங்கு தீர்த்தமும் ஒரே பார்வையில் அடங்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஊர் காத்திருக்கும் குளம் அது.

கிழக்கே கடல் தெரியுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. 500 அடி உயரத்திலிருந்து கணக்குப்படி அடிவானம் நாற்பது கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது, கடலோ பதினைந்து கி.மீ.க்குள். ஆகவே தெரிவதும் தெரியாததும் மூட்டத்தின் கையில்தான் இருக்கிறது. மாமல்லபுரம் நேர் கிழக்கே இருக்கும், கல்பாக்கம் தென்கிழக்கே. தை மாதச் சூரியன் தெற்கே ஒதுங்கி உதிப்பதால் கல்பாக்கத்துப் பக்கமிருந்தே மேலேறுவதுபோல் தெரியும். சூரியன் சற்று மேலேறி மூட்டம் கலைந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் பார்ப்பதே நல்லது. முந்தைய நாள் ஒரு தூறல் போட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

இந்த மலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு பறவைகள். பட்சி தீர்த்தம் என்ற பெயரே அவற்றால் வந்தது. நாள்தோறும் நண்பகலை ஒட்டி அர்ச்சகர் பாறையில் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வைக்க, இரண்டு வெண்ணிறக் கழுகுகள் வந்து தின்றுவிட்டுப் போகும். காசியிலிருந்து வருகின்றன, ராமேசுவரம் போகின்றன என்பது ஐதீகம். பறவையியல்படி அவை மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு இனம். அவற்றைப் பார்ப்பதற்காகவே நண்பகல் வெயிலில் 565 படி ஏறிய தலைமுறைகள் உண்டு. அந்த நேரத்தில் கல் எப்படிக் காய்ந்திருக்கும் என்று நினைத்தால் பாட்டிமார் மேல் மரியாதை கூடுகிறது. 1990-களின் இறுதியோடு பறவைகள் வருவது நின்றுபோனது. அதே ஆண்டுகளில்தான் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் சரிந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று கண்டறிந்து, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்று உச்சியில் வட்டமடிப்பவை கரும்பருந்தும் செம்பருந்தும்தான். "அதோ கழுகு!" என்று யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டால் திருத்தப் போகாதீர்கள்.

இறக்கம்

இறங்குவதற்குத் தனி வழி இருக்கிறது, அதில்தான் இறங்க வேண்டும். வழியில் ஒருகல் மண்டபம் வரும். பெயருக்கேற்ப ஒரே பாறையில் குடைந்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை. உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், பத்து நிமிடம் உட்காரலாம். 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் இங்கே வந்து தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டு கழிந்ததால் அது வரலாறு. நீங்கள் ஆணியால் கீறினால் அது குற்றம். கல்வெட்டு ஆர்வலர்கள் கீழே போனதும் தாழக்கோயிலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். கந்தசிஷ்யன் என்ற பழைய பல்லவன் கொடுத்து, வாதாபியை வென்ற நரசிம்மன் தொடர்ந்த நிலக்கொடையை ஆதித்தன் புதுப்பித்த செய்தி அதில் இருக்கிறது. மூன்று அரசர்கள், ஒரே கோயிலுக்கு, ஒரே கொடை!

முழங்கால் வலி ஏறும்போது வருவதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வரும். ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதையும் தொடைத் தசை தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. குதித்து இறங்காதீர்கள். மூட்டு தேய்ந்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினால் வலி குறையும். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். சாப்பாட்டைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு சாப்பிடும் பொங்கல் வடைக்கு இணை கிடையாது, அதை ஏறும் முன் சாப்பிட்டால் வரும் வேதனைக்கும் இணை கிடையாது.

பனிமலைக்கு ஒத்திகை பார்ப்பவர்கள்

தை மாதத்தில் முதுகுப் பையோடு ஏறி இறங்கி, மறுபடி ஏறும் இளைஞர்களை இங்கே பார்க்கலாம். பெரும்பாலும் உத்தரகாண்டில் சாங்ரி கிராமத்திலிருந்து கிளம்பும் கேதார்காந்தா போன்ற பனிப்பயணத்துக்குப் பதிவு செய்தவர்களாக இருப்பார்கள். அதன் உச்சி சுமார் 12,500 அடி. அவர்களுக்கு இந்தக் குன்று மூச்சையும் தொடையையும் பழக்கிக் கொடுக்கும். ஆறேழு கிலோ சுமையோடு வாரம் இரு முறை ஏறி இறங்குவது நல்ல பயிற்சிதான். கொடுக்காதவை இரண்டு. புதுப் பூட்ஸை இங்கே பழக்க முடியாது, அதைத் தினசரி நடையிலோ வீட்டு மாடிப்படியிலோ பழக்கிக்கொள்ளுங்கள். பழகாத பூட்ஸ் பனியில் கொப்புளம் போட்டால் நடுவழியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொன்று உயரம். காற்று மெலிந்த இடத்துக்கு உடல் பழக, அங்கேயே போய் மெல்ல மெல்ல ஏறுவதைத் தவிர வழி கிடையாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே போகாமல் இருப்பதுதான் அங்கே முதல் விதி.

ஊர்ப் பக்கத்திலேயே காட்டுமலை வேண்டும் என்பவர்கள், படிக்கட்டு இல்லாத குன்றுகளில் தன்னிச்சையாக நுழையாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் மாண்ட பிறகு, தமிழ்நாட்டில் விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தது. சென்னைக்குப் பக்கம் என்றால் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள் அந்தப் பட்டியலில் உண்டு.

பிற்பகல் மாமல்லபுரம்

பதினொரு மணிக்குள் இறங்கிவிட்டால் பேருந்து பிடித்து மதியச் சாப்பாட்டுக்கு மாமல்லபுரம் போய்விடலாம். அங்கேயும் ஒரு குன்று இருக்கிறது, மேலே கலங்கரை விளக்கம். பக்கத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே நிற்கும் ஓலக்கணேசுவரர் கோயில்தான், புது விளக்கம் வரும் முன் கப்பல்களுக்கு விளக்கேற்றிய இடம். இங்கே செருப்பு போடலாம். ஆனால் கிருட்டிணனின் வெண்ணெய்ப் பந்துப் பாறைச் சரிவில் எந்தச் செருப்பும் நிற்காது. பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி மெருகேற்றிய பாறை அது. காலையில் 565 படி ஏறிய தொடை மாலையில் தளர்ந்திருக்கும் என்பதை மறந்து அங்கே ஓடி ஏறிக் கணுக்கால் பிசகுபவர்களே அதிகம்.

மாசி மகத்தை ஒட்டிப் போவதாக இருந்தால் மட்டும் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பௌர்ணமிக்குப் பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, சேலையால் குடில் கட்டித் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, பெண் பார்த்து, கல்யாணமும் நடத்துவார்கள். திருக்கழுக்குன்றத்திலும் அன்று கிரிவலக் கூட்டம் இருக்கும் என்பதால் இரு ஊருக்கும் நடுவே பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. மலையை முந்தைய நாளே ஏறி முடித்துவிட்டு இரவு மாமல்லபுரத்தில் தங்குவது உத்தமம், அறையை முன்னதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். விடியற்காலையில் கடற்கரைக்குப் போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குடிலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.